ராஜாவுக்கு ஒரு சொல்

அன்று வாணியம்பாடி ரயிலடிக் காபி கிளப்பில் முதலாளி இருந்தார், நான் இருந்தேன், அந்த மனிதர் இருந்தார். அவர் மனைவி உள்ளே வரவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் நெற்றி நிறையத் திருநீறு. தோளில் நிற்காத இரவல் கோட்டு. அடிக்கடி கைகளைக் கோட்டுக்குள் இழுத்துக்கொள்வார். ஏனென்று எனக்குத் தெரிந்தது. தோல் பதனிடும் தொட்டியில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய நகம் எந்தச் சோப்புக்கும் வெளுக்காது. என் அப்பாவின் நகமும் அப்படித்தான்.

சுடுபால் தம்ளரை வாங்க நீட்டிய கையை முதலாளி பார்த்துவிட்டார்.

"வேஷம் போட்டுண்டா வந்தே? ஆள்மாறாட்டம்! போலீசைக் கூப்பிடுவேன்."

அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே போனார். குழந்தை குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, வெறும் தம்ளரோடு திரும்பி வந்தார்.

"கூத்துல ராஜா பரதேசியா வந்தா மாறுவேஷம்னு கை தட்றீங்க சாமி. புள்ளைக்குப் பாலு வாங்க நான் நீறு பூசினா ஆள்மாறாட்டமா?"

"தம்ளர் தீட்டாயிடுத்து. முக்கால் ரூபாயை வெச்சுட்டுப் போ."

பள்ளியில் நான் படித்த மாறுவேடக் கதைகளிலும் அரசர்கள் மட்டுமே இருந்தார்கள். பாதி குடித்த காபியைக் கீழே வைத்தேன்.

"நானும் தோல் வேலைக்காரர் பிள்ளைதான்" என்றேன்.

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ன யாரும் கேக்கலியே தம்பி. உனக்கு இன்னாத்துக்கு?" என்றார். அது கோபமா, பரிவா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

முதலாளி இரண்டு தம்ளர்களையும் தெருவில் எறிந்தார். எங்களுக்கு ஒன்றரை ரூபாய் ஆயிற்று.