நாற்காலி உன்னுது, மேசை என்னுது

கொரியாவின் தென்கோடியில், எங்கள் கங்ஜின் ஊரில் நல்ல இடத்துச் சம்பந்தம் பேசுவதென்றால் எங்கள் வீட்டில்தான் பேசுவார்கள். 'இரட்டைக் கிணற்று வீடு' என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே கை காட்டுவார்கள். என் அம்மா நான்கு அறைகளோடு தொடங்கிய சாப்பாட்டு வீடு இது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த ஓக்சிம் அதைப் பதினோரு அறையாக்கினாள். அண்ணன் இறந்த பிறகும் அடுப்பு அணையவில்லை. நான் அவளுடைய நாத்தனார் மல்சுன். கிம்ச்சி ஊறுகாயும் உப்பில் ஊறும் மீன்களும் என் பொறுப்பு. நாத்தனார் வாயாலேயே நல்லபடி சொல்கிறேன் என்றால் அவள் எப்படிப்பட்டவள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் வெறும் அறையில், சூடேற்றிய தரையில் காத்திருப்பார்கள். சமையலறையிலேயே முழுக்கப் பரப்பிய குட்டைக்கால் மேசையை இரண்டு பேர் தூக்கிப் போய் அவர்கள் நடுவில் வைப்போம். வாட்டிய மீன், சிப்பி, புளிக்கவைத்த திருக்கை மீன், நடுவில் கொதிக்கும் குழம்பு. அது உள்ளே வந்ததும் அறையே கப்சிப். தூக்குகிறவர்களில் ஒருவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். அண்ணன் அப்படி நடப்பான். எதிரே பிடித்திருக்கும் ஓக்சிம் "படி" என்றதும் திரும்பிப் பார்க்காமல் காலைத் தூக்குவான். வீட்டு மேசையை வீட்டு ஆட்கள்தான் தூக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அண்ணனுக்குப் பிறகு அந்தப் பக்கம் நான்.

அவள் மகன் சங்மோ தலைநகர் சியோலில் பெரிய ஓட்டலில் சமையல் பார்த்தவன். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஆரம்பித்தான்.

"அம்மா, இப்ப யாரும்மா தரையில உக்காருறாங்க? நாற்காலி போடுவோம். சாப்பாட்டை ஒவ்வொண்ணா கொண்டுபோய் வைப்போம்."

"இதென்ன ஓட்டலாடா?"

"ஓட்டல்தாம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"ஒவ்வொண்ணா வைக்கணும்னா சியோலுக்கே போ."

"போறேன். இலையுதிர் காலம் முடியட்டும், போயிடறேன்."

"கிளம்பறப்ப சொல்லு, சோறு கட்டித் தரேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. அவன் போய்விட்டால் இந்த வீட்டை யார் நடத்துவது? எனக்குப் பிள்ளை கிடையாது. களைந்த அரிசியையே அவள் மறுபடி களைந்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரமே ஒரு சம்பந்தப் பேச்சு. எல்லாம் நன்றாக முடிந்தது. ஆனால் எழுந்திருக்கும்போது பெண்ணின் அப்பாவுக்கு மடங்கிய முட்டி நிமிரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மனுஷன் முகம் மிளகாய்ப் பொடியாய்ச் சிவந்தது. கதவோரம் நின்று ஓக்சிம் அதைப் பார்த்தாள். மறுநாள் தச்சரைப் பார்க்கப் போனாள். மகனிடம் மூச்சு விடவில்லை. அவ்வளவு வீம்பு!

இலையுதிர் காலம் முடிந்து, கல்யாணத் தேதி குறிக்க அதே இரண்டு குடும்பங்களும் வந்த நாளில்தான் சங்மோ பெட்டியோடு முற்றத்தில் இறங்கினான். பெரிய அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே எல்லோரும் நாற்காலியில். பெண்ணின் அப்பா ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். நடுவில் உயரமான மேசையின் நாலு காலும் சட்டமும் மட்டும் நின்றன. மேல்பலகை இல்லை.

"அத்தை, என்ன இது?" என்றான் என்னிடம்.

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. "நாற்காலி உன்னுது, மேசை என்னுது. இந்தப் பக்கம் வந்து பிடி."

முழுக்கப் பரப்பிய பலகையின் ஒரு முனையில் அவள் நின்றாள். மறுமுனை என் முனை. எனக்கு அன்று ஒரு வலியும் இல்லை. இருந்தாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

"குழம்பு ஆறுது."

பெட்டியைக் கீழே வைத்தான். பலகையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தான், அவன் அப்பனைப் போலவே.

"படி," என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காலைத் தூக்கினான். பலகையைச் சட்டத்தின் விளிம்பில் ஏற்றித் தள்ளினார்கள். அது வழுக்கிப் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. குழம்பு ஒரு சொட்டு சிந்தவில்லை. அறையே கப்சிப். எனக்கு அழுகை வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்து இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தபடி ஓக்சிம் சொன்னாள்: "பஸ் போயிருக்கும்."

சங்மோ சட்டைக் கையை மடித்தான். "அடுத்த மேசை எந்த அறைக்கும்மா?"