மாயர்களை நான் அழித்த பருவம்

பருவத் திட்டம் எழுதுவது கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி. தாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மண்டபத்துக்குப் போன பிறகுதான் விஷயம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடே டிவி பார்க்கும்போது மூலையில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதும் சக ஆசிரியர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் எனக்கு நான்காம் வகுப்பு. ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, கணக்கு, சமூகம், கைவேலை எல்லாவற்றையும் அதைச் சுற்றியே ஒரு பருவம் நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மூன்று வருஷம் நச்சரித்த பிறகு தாளாளர் இறங்கி வந்தார். நான் பண்டைய மாயர்களை எடுத்தேன். மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் கோயில் கட்டி, நாள் பார்த்து வாழ்ந்தவர்கள், நம்ம ஊர்ப் பிள்ளைகளோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். தாளாளர் திட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பருவம் தரேன்மா. கண்காட்சி அன்னைக்குச் சரியா வரலேன்னா, பழையபடி கைடுதான்."

சோழி

மாயர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி என்றால் சைபர். புள்ளிக்குப் புளியங்கொட்டை, கோட்டுக்கு ஈர்க்குச்சி, சிப்பிக்குச் சோழி என்று ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இருபது வேண்டுமென்றால் கீழ் வரிசையில் ஒரு சோழி, மேல் வரிசையில் ஒரு புளியங்கொட்டை.

ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஒரு சோழி என்று கேட்டேன். இட மதிப்பைப் பற்றி ஒரு பக்க விளக்கம் தயாராக வைத்திருந்தேன். பல்லவர் காலத்துக் கோயில் இருக்கும் கூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் சரவணன் அதற்கு வேலையே வைக்கவில்லை: "அது இல்லேன்னா மேல இருக்கறது கீழ எறங்கிடும் மிஸ். அப்புறம் இருபது ஒண்ணாயிடும்."

மிளகாய் போட்ட சாக்லேட்

மாயர்கள் கோகோவைச் சர்க்கரை இல்லாமல், மிளகாய் போட்டுக் குடித்தார்களாம். சடங்குகளிலும் அதற்கு இடம் உண்டு. பெற்றோர் அனுமதி வாங்கி, ஒரு ஃபிளாஸ்க் நிறைய கலந்து கொண்டுபோனேன். பக்கத்து வகுப்பு மெஹருன்னிசா மிஸ் ஒரு வாய் குடித்துவிட்டுக் குழாயைத் தேடி ஓடினார்.

பிள்ளையார்பாளையத்துக் குமுதா மட்டும் டம்ளரைக் காலி செய்தாள். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிற பெண். காரமாக இல்லையா என்றேன். "கோயில் இட்லிலயும்தான் மிளகு இருக்குது. சாமிக்கு வெக்கறது காரமாத்தான் மிஸ் இருக்கும்."

இடுப்புத் தறி

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆறடி பேனர் வந்து இறங்கியது. 'அழிந்துபோன மாயர்கள்' என்று சிவப்பு எழுத்து. தலைப்பு நான் கொடுத்ததுதான். என் திட்டத்தின் கடைசி வாரத்துக்கும் 'ஏன் அழிந்தார்கள்?' என்றே பெயர். பேனரை வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டு, குமுதாவின் அப்பா ஏகாம்பரத்தை வரவழைத்தேன். வீட்டிலேயே பட்டு நெய்கிறவர். மாயர் குலப் பெண்கள் தறியின் ஒரு முனையை மரத்திலும் மறு முனையைத் தங்கள் இடுப்பிலும் கட்டிக்கொண்டு நெய்வார்கள். இணையத்தில் எடுத்த படம் ஒன்றை அவரிடம் கொடுத்து, இதே மாதிரி செய்து தர முடியுமா என்றேன்.

மூங்கில் குச்சியும் வீட்டில் மிஞ்சிய பாவு நூலுமாக அரை மணியில் செய்துவிட்டார். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையை இடுப்புத் துண்டில் கோத்துத் தரையில் உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தால் நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். பிள்ளைகள் முறை போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குள் அவர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "மிஸ், இந்தப் பொண்ணு பக்கத்துல செல்போன் இருக்குதே?"

இருந்தது. பத்து நாளாக அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியும் என் கண்ணில் படவில்லை. மாயர்கள் பழைய நகரங்களை விட்டுப் போனாலும் இன்றைக்கும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், தங்கள் மொழிகளைப் பேசுகிறார்கள், நெய்கிறார்கள் என்று படித்தும் இருந்தேன். 'அழிந்துபோன' என்று போட்டால் தலைப்பு கம்பீரமாக இருந்தது, போட்டுவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. ஏகாம்பரம் பேனரை ஒரு தரம் படித்தார். கோபப்படாமல்தான் சொன்னார்: "போன மாசம் ஒருத்தர் எங்க தெருவுக்குக் கேமராவோட வந்து, 'கடைசி நெசவாளர்'னு பேசிக்கினே என் தறிய படம் எடுத்தாரு. நான் பக்கத்துலதான் மிஸ் நின்னுக்கினு இருந்தேன்."

வெள்ளைத் தாள்

மறுநாள் பிள்ளைகளிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். நகரம் காலியானால் மக்கள் அழிந்ததாக அர்த்தமா என்று கேட்டதற்கு, சரவணன் யோசிக்கவே இல்லை. "பல்லவருங்க போயிட்டாங்க. எங்க மாமா இன்னும் கூரத்துலதானே மிஸ் இருக்காரு?"

ஆனால் பேனர்? தாளாளர் வெளியூரில் இருந்தார். அவர் ஆசையாக அடித்துக் கொடுத்தது அது. மெஹருன்னிசா மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்காட்சி முடியற வரைக்கும் கம்முனு இருங்கப்பா, இல்லேன்னா உங்க கையில திரும்பக் கைடக் குடுத்துடுவாரு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வெள்ளைத் தாளை வெட்டி, 'அழிந்துபோன' என்ற சொல்லின் மேல் ஒட்டினோம்.

கண்காட்சி அன்று தாளாளர் நேராகப் பேனருக்கு முன்னால் வந்து நின்றார். பெற்றோர் கூட்டத்தில் ஏகாம்பரமும் இருந்தார். ஜன்னலோரம் இடுப்புத் தறியோடு உட்கார்ந்திருந்த குமுதாவிடம், "அங்க என்னம்மா ஒட்டு?" என்று தாளாளர் கேட்டார். "மிஸ் தப்பா எழுதிட்டாங்க சார். அவங்க இருக்காங்க" என்றாள் அவள், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. என் மூன்று வருஷ நச்சரிப்பு அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். தாளாளர் அவள் நெய்த நாலு விரல் அகலத் துணியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த பருவத்துக்கும் எழுதுங்கம்மா. பேனர மட்டும் பசங்க படிச்சுப் பார்த்தப்புறம் அடிப்போம்."

ஆக, அந்தப் பருவத்தில் நிஜமாகவே அழிந்துபோனது என் திட்டத்தின் கடைசி வாரம் ஒன்றுதான்.