அப்பா செய்த ஒரே வைத்தியம்

எங்கள் அப்பா வைத்தியம் பார்த்து வெற்றி கண்டது ஒரே ஒரு தடவைதான். அந்த வெற்றியைச் சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. நாற்றமெடுத்த பச்சைத் தோல் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறிப் பதமாகி வெளியே வருவதைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பட்டைக்கு அடங்காதது உலகத்தில் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். வாய்ப்புண்ணா, வயிற்றுப்போக்கா, எல்லாவற்றுக்கும் அதுதான். குழம்பில் மட்டும்தான் அவர் அதைப் போடச் சொல்லவில்லை.

எனக்கு ஏழு வயது இருக்கும். அம்மா பிரசவத்துக்காக ஆலங்காயத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து, வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, துணிமூட்டையோடு வந்து இறங்கினாள். எங்களுக்குச் சோறாக்கிப் போட வந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவளை அனுப்பிவிட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அத்தையின் மேல்வரிசைப் பற்களுக்கு மேலே ஈறில் ஒரு கட்டி முளைத்திருந்தது. சுண்டைக்காய் அளவு, நல்ல சிவப்பு. தொட்டால் ரத்தம், தின்றால் சோற்றில் ரத்தம். மாமியார் அதைப் புற்று என்று தீர்மானித்து, அத்தை ஆக்கிய சோற்றைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். கட்டி போனால் திரும்பி வரட்டும், போகாவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்றும் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாத மருமகளைத் தள்ளிவைக்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அப்பா தங்கையை ஜன்னலோரம் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தோலையே இறுக்குற பட்டை, ஈறை இறுக்காதா இன்னா?" என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் பட்டைக் கஷாயத்தில் கொப்பளிப்பு. அத்தையின் பற்கள் பழுப்பேறின. கட்டி அசையவில்லை, கொஞ்சம் பெருத்தது என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் ஷாப்புக் கணக்குப்பிள்ளையின் பேச்சைக் கேட்டு, அப்பா எங்கள் இருவரையும் ரயிலில் காட்பாடிக்கும், அங்கிருந்து ஜட்காவில் வேலூரில் இருந்த பொம்பளை ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப்போனார். ஆண்களுக்கு வாசல் மரத்தடியோடு சரி. அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது நான்தான்.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. பாதிரியார் பிரசங்கம் செய்வது போலத் தமிழ் பேசினாள். விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டியை மெதுவாக அழுத்திப் பார்த்தாள். பல் ஆடுகிறதா என்று அசைத்தாள். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் தடவிப் பார்த்தாள். பிறகு, "உமக்கு எத்தனை மாதமாய் ஸ்நானம் இல்லை?" என்று கேட்டாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு இரண்டு விரலைக் காட்டினாள். திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் வயிற்றையும் பார்த்துவிட்டு வந்து டாக்டரம்மா சொன்னாள்:

"இது புற்று அல்ல, பயப்படாதிரும். நீர் கர்ப்பவதி. சில ஸ்திரீகளுக்கு அப்போது ஈறு இப்படி வளரும். பிள்ளை பிறந்தபின் தானாய்ச் சுருங்கிப்போம். இப்போது அறுத்தால் ரத்தம் மிகுதியாய்ப் போகும், மறுபடியும் முளைக்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளியும். பிள்ளை பிறந்தும் போகாவிட்டால் வாரும், அறுத்து எடுப்போம்."

வெளியே வரும் வழியில் அத்தை சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"பாப்பாவா அத்தே?" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லாதடி. உங்கப்பாகிட்டகூட. இன்னும் ரெண்டு மாசம் போவட்டும், வயிறு தெரியட்டும், நானே சொல்றேன்."

முன்பு ஒருமுறை நாள் தள்ளியதும் ஆசையோடு சொல்லிவிட்டு, அது கலைந்துபோய், மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அந்த வீட்டாருக்குக் கொண்டாடவும் தெரியும், குத்திக்காட்டவும் தெரியும். இதெல்லாம் பெரியவளான பிறகு அம்மா சொல்லி அறிந்தது. அன்றைக்கு லாங் பஜாரில் அத்தை கமர்கட்டு வாங்கி என் வாயில் போட்டாள். அது கரையும்வரை யாராலும் பேச முடியாது.

அப்பாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "புத்து இல்லியாம்ணா. தானா போயிடுமாம். அறுக்கக் கூடாதாம்."

"தானா போற கட்டிய எந்த ஊர்ல பார்த்தாங்களாம்? பட்டைய நிறுத்தச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்போ சரி."

உப்புத் தண்ணீரும் பட்டைத் தண்ணீருமாக நாட்கள் போயின. அத்தை அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் கைக்கண்ணாடியை எடுத்து, மேலுதட்டைத் தூக்கிக் கட்டியைப் பார்ப்பாள். அது இன்னும் சிவப்பாக, பெரிதாக இருக்கும். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொள்வாள். ரத்தம் வடிகிற கட்டியைப் பார்த்து ஒருத்தி சிரிப்பாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஆலங்காயத்தில் தம்பி பிறந்திருக்கிறான் என்று தகவல் வந்தது. அப்பா விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். அன்று மத்தியானம் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். வாசல் கதவைத் தாழ்போடச் சொன்னாள். வெந்நீர் வைக்கச் சொன்னாள். "நீ இங்க வராத, அடுப்பாண்டயே இரு" என்றாள். அவள் முனகுவது எனக்குக் கேட்டது. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய், ரத்தக் கறை படிந்த பழைய சேலைகளைத் தானே அலசிப் போட்டாள். உதவிக்குக் கூப்பிட அந்த வீட்டில் ஒரு பெண் இல்லை. இருந்தது நான்தான்.

சாயங்காலம் அப்பா கற்கண்டோடு வந்தார். "அத்தைக்காரி, மொதல்ல உனக்குத்தான்" என்று அவள் கையில் கொடுத்தார். அத்தை அதை வாயில் போட்டுக்கொண்டாள். முகம் வெளுத்திருக்கிறதே என்று கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு அவருக்குச் சோறு போட்டாள்.

அதன்பின் அவள் கண்ணாடியை எடுக்கவில்லை. தினமும் பார்த்தது அப்பாதான். "கம்மியாயிருக்குது பாரு" என்றார். மறுவாரம் "இன்னும் கம்மி" என்றார். சிவப்பு வெளுத்து, கட்டி சுருங்கி, ஒருநாள் காணாமலே போய்விட்டது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஷாப்பு ஆட்கள் பெண்டாட்டிகளோடு வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அத்தை வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. டாக்டரம்மாவால் முடியாததைப் பட்டை முடித்துவிட்டது என்று அப்பா எல்லாருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார்.

அத்தைக்கு அந்த ஈறு மறுபடியும் வீங்கவே இல்லை. "வந்த எடம் தெரியாம போச்சி, ஒரு தடவகூட திரும்பல" என்பதுதான் அப்பாவின் கதையில் கடைசி வரி. பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வார். அவளும் ஆமாம் என்று தலையசைப்பாள். என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது என் ஈறும் தடித்து ரத்தம் கசிந்தது. கண்ணாடி முன்னால் உதட்டைத் தூக்கிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதற்குள் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு தடவையாவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியும் அத்தே என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆனால் மாமா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அவளை அழைத்துப்போக வந்த அன்று எனக்கு விளங்கியிருந்தது வேறு. கட்டி போய்விட்டது. பிள்ளை பிறந்தால்தான் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஆகவே பாப்பா பிறந்திருக்க வேண்டும். மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சக்கரத்தில் ஏறி, அத்தையின் மடியையும் பக்கத்திலிருந்த மூட்டையையும் எட்டிப் பார்த்தேன்.

"பாப்பா எங்க அத்தே?" என்று, ரகசியம் என்பதால் காதோடுதான் கேட்டேன்.

அத்தை மூட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். பிறகு, எல்லாருக்கும் காட்டியது போல எனக்கும் வாயைத் திறந்து காட்டினாள். நன்றாகப் பார்த்தேன். ஈறு சுத்தமாக இருந்தது. அத்தைக்கு நல்லபடியாகப் போய்விட்டது என்று அப்பாவிடம் சொல்ல, சக்கரத்திலிருந்து குதித்து ஓடினேன்.