டெம்ப் டிஸ்க்குல இருந்த மாஷிமா முகம்

கிர்ர்ர்... கிர்ர்ர்...

பழைய ஹார்ட் டிஸ்க் நிரம்பிப் போனா வர்ற சத்தம். இப்பவும் எங்கயாவது அந்த மாதிரி கேட்டா எழுந்து போய் எந்த டிஸ்க்குன்னு பார்த்துடுவேன்.

டாலிகஞ்ச்ல ஒரு சின்ன எடிட் ரூம். ஜன்னல் கிடையாது. ஏசித் தண்ணி சொட்டி ஊறின கார்பெட் வாடை, கூடவே கடுகெண்ணெய் விட்டுப் பிசைஞ்ச பொரி வாடை. என் முதல் வேலை அங்கதான்... பெங்காலி சீரியலுக்கு அசிஸ்டென்ட் எடிட்டர். எடிட்டர் பேரு தபன்தா. இங்க ஒருத்தரை அண்ணனாக்கணும்னா பேருக்குப் பின்னாடி ஒரு 'தா' சேர்த்தா போதும்.

நாங்க அப்ப கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அப்பா, "சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க பாரு, ஒழுங்கா பேங்க் எக்ஸாம் எழுது"ன்னு தினம் ஒரு தடவை சொல்லுவார். நான் ஏற்கெனவே பயந்தாங்கொள்ளி. கேக்கணுமா?

அந்த ரூம்லயே எனக்கு அதிக பயம் எதைப் பார்த்துன்னா... டெம்ப் டிஸ்க்.

எடிட் பண்ணப் பண்ண கம்ப்யூட்டர் தன் வசதிக்கு ஏதேதோ ஃபைல் போட்டுக்கும். ப்ரிவியூ பார்த்து முடிச்சதும் அது வெறும் குப்பை. அதுக்குன்னு தனியா ஒரு டிஸ்க், பேரு டெம்ப். அது நிரம்பினா சிவப்பு காட்டி வேலை நின்னுடும். தபன்தா மொத்தத்தையும் செலக்ட் பண்ணி ஷிஃப்ட் டிலீட் அடிப்பார். ரீசைக்கிள் பின்ல கூட இருக்காது. தினமும் நடக்கும், நானும் தினமும் மூச்சைப் பிடிச்சுகிட்டுப் பக்கத்துல நிப்பேன்.

"பித்யா, குப்பையைக் கொட்டறதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பயம்?"னு சிரிப்பார். என் பேரு வித்யா, பெங்காலிக்காரங்க வாயில அது பித்யா தான்.

அன்னிக்கு மாஷிமாவோட கடைசி சீன்.

சீரியல்ல மாமியாரா வர்றவங்க. யூனிட்டுக்கே மாஷிமா, அதாவது பெரியம்மா மாதிரி. கதைப்படி வீட்டை விட்டுக் காசிக்குக் கிளம்பறாங்க. நிஜத்துல அன்னிக்கு சாயங்காலமே கனடாவுக்கு, மகன்கிட்ட... இனிமே திரும்பி வர்றதா இல்ல. காலையில நடிச்சு முடிச்சுட்டு நேரா ஏர்போர்ட்.

கேமரா கார்டுல இருந்த சீனை தபன்தா தான் கம்ப்யூட்டர்ல இறக்கினார். மெயின் டிஸ்க்ல இடம் இல்ல. "இப்போதைக்கு டெம்ப்ல கிடக்கட்டும், அப்பறம் மாத்திக்கலாம்"னு அங்க போட்டார். கார்டை அழிச்சு ஷூட்டிங்குக்குத் திருப்பி அனுப்பியாச்சு. சீனைப் பார்க்கிறியான்னு என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பசி. சாப்பிட்டுட்டு வர்றேன்னு போயிட்டேன்.

திரும்பி வந்தப்போ டிஸ்க் சிவப்பு. மறுநாள் டெலிகாஸ்ட், சேனல்லேருந்து போன் மேல போன். தபன்தா கை பழக்கத்துல போச்சு. ஷிஃப்ட் டிலீட்.

ஸ்க்ரீன்ல ஃபைல் பேரெல்லாம் ஓடுது. குப்பை ஃபைல் பேரு நீளமா கன்னாபின்னான்னு இருக்கும். நடுவுல குட்டி குட்டியா, வரிசையா சில பேரு ஓடுச்சு...

கேமரா வெக்கற பேரு. மாஷிமா சீன்.

"தபன்தா! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கேன்சல் அடிச்சார். "ஷர்போநாஷ்!"னு ஒரு சத்தம் அவர் தொண்டையிலேருந்து வந்தது. நாசமாப் போச்சுன்னு அர்த்தம். மிச்சம் என்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா திறந்து பார்த்தோம்.

மருமகளோட ஷாட் எல்லாம் இருந்தது. மாஷிமா முதுகு காட்டி கேட்டைப் பார்த்து நடக்கிற ஷாட் இருந்தது. அவங்க க்ளோஸப் ஒண்ணு கூட இல்ல. ரெகவரி சாஃப்ட்வேர் போட்டோம். ஃபைல் பேரு வந்துச்சு. திறந்தா பச்சைப் பச்சையா கட்டம். கட்டத்துக்கு நடுவுல ஒரு கண்ணு மாதிரி ஏதோ...

மாஷிமாவுக்கு போன் அடிச்சோம். ஸ்விட்ச் ஆஃப். ஃப்ளைட் ஏறிட்டாங்க.

நல்லவேளை, வாய்ஸ் தனி ரெக்கார்டர்ல இருந்தது. மாஷிமா பேசறாங்க, ஸ்க்ரீன்ல மருமகள் அழறா, கடைசில முதுகு. தபன்தா அப்படியே கட் பண்ணி அனுப்பினார். அந்த ராத்திரி வீட்ல சோறு இறங்கல. நாளைக்கு வேலை போயிடும்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே யோசிச்சுகிட்டிருந்தேன்.

பாருங்க கூத்தை... சீன் டெலிகாஸ்ட் ஆனதும் ப்ரொட்யூசர் போன் பண்ணி பாராட்டறார்! "முகத்தையே காட்டாம அழ வெச்சுட்டியே தபன், என்ன ஐடியாப்பா!" ஊரே அழுதுச்சு. தபன்தா "ம்..."னுட்டு போனை வெச்சுட்டார்.

எனக்கு பயம் விடல. மாஷிமா கனடாலேருந்தே நெட்ல சீரியல் பார்ப்பாங்களே.

பார்த்துட்டாங்க. என் மொபைலுக்கு போன். ஸ்பீக்கர்ல போட்டேன்.

"பித்யா, மா... உண்மையைச் சொல்லு. நான் ரொம்பக் கிழவியா தெரிஞ்சேனா? அதான் வெட்டிட்டாங்களா?"

சொன்னா தபன்தா வேலை போகும், என் வேலையும் போகும். சொல்லலேன்னா இவங்க இப்படியே நினைச்சுகிட்டிருப்பாங்க. தபன்தா எழுந்து வந்து போனை வாங்கினார்.

"மாஷிமா, நான் தான் அழிச்சுட்டேன். தெரியாம. உங்க க்ளோஸப் எல்லாம் போச்சு."

மாஷிமா மெதுவா, "அந்த அழுகைக்கு நான் கிளிசரின் போடலடா தபன்"னாங்க.

அவ்ளோதான். யார்கிட்டயும் புகார் சொல்லல. எங்க வேலையும் போகல. அப்பறம் அவங்க எங்கயும் நடிக்கவும் இல்ல.

இப்ப நானே எடிட்டர். ஒவ்வொரு ஷாட்டும் ரெண்டு மூணு இடத்துல பத்திரமா இருக்கு, குப்பையைக் கம்ப்யூட்டரே தானா அள்ளிடுது. என்கிட்ட வேலை பார்க்கற பசங்க யாருக்கும் பயம்னா என்னன்னு தெரியல. எல்லாம் இருக்குங்கற தைரியத்துல எதையும் முழுசா உக்காந்து பார்க்கறதும் இல்ல. அன்னிக்கு நான் மட்டும் என்ன பண்ணேன், சாப்பிடப் போனேன்.

அந்த சீன் இன்னும் நெட்ல கிடக்கு. எப்பவாவது போட்டுப் பார்ப்பேன். மாஷிமா கேட்டைப் பார்த்து நடப்பாங்க. அதைக் கட் பண்ணும்போது பக்கத்துல இருந்தவ நான், எனக்குத் தெரியாதா... ஆனாலும் ஒரு தடவை திரும்பிட மாட்டாங்களான்னு கடைசி வரைக்கும் பார்த்துகிட்டே இருப்பேன்.