காஜா பெராங்கில் அல்பா

சிரம்பானிலிருந்து மலாக்காவுக்கு நேராகப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டேன். தம்பின் வரை ரயிலில் போய் அங்கே பஸ் பிடித்தேன். மலாக்கா இன்னும் இருபத்து நான்கு மைல். முன்பு இந்தத் தூரத்துக்கும் ரயில் ஓடியது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் பஸ்தான். நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. வழிநெடுகக் கடை முகப்புகளில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் வெளுத்துத் தொங்கின. உட்கார இடம் கிடைத்தும் கண் அசரவில்லை. போகிற காரியம் அப்படி.

என் தங்கை செல்வி, மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கோயில், விபூதி எல்லாம் நம்மைப் போலத்தான். பேச்சு மட்டும் மலாய். அவளுக்கு முதல் இரண்டு பெண் குழந்தைகளும் மாதம் திரும்புமுன் தவறிவிட்டன. மூன்றாவதும் பெண். அதற்கு ‘அல்பா’ என்று பெயர் வைக்கப் போவதாக உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். சோற்றில் கை வைத்திருந்த அப்பா எழுந்துவிட்டார்.

“அல்பாயுசுன்னு நாமளே கூப்பிடுறதா? போய் நிறுத்திட்டு வா,” என்றார்.

இரண்டு பேத்திகளைப் பறிகொடுத்தவரிடம் என்ன வாதாடுவது? புறப்பட்டேன்.

பிற்பகல் வெயிலில் மலாக்கா வந்து சேர்ந்தேன். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் குழந்தைக்குக் கருவளை வாங்கிக்கொண்டு, ஐம்பது காசுக்கு ஒரு திரிஷா சைக்கிள் வண்டி பேசி ஏறினேன். செல்வியின் மாமியார் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி வாசலிலேயே நின்றார். வந்த விஷயம் கேட்கவில்லை. “மாக்கான் டூலு,” என்றார், முதலில் சாப்பிடு என்று. புளி தூக்கலான மீன் குழம்பு. சாப்பிட்ட பிறகுதான் செல்வி முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள்.

அப்பா சொன்னதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பிரசவம் பார்த்த இத்தாலியக் கன்னியாஸ்திரீயின் பெயர் அது என்றாள். வலி கண்ட இரண்டு நாளும் அந்த அம்மாள் பக்கத்தை விட்டு நகரவில்லையாம். பிறந்த குழந்தை அழாமல் கிடந்தபோது வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சு வரவழைத்தாராம். மடத்தில் வைத்த பெயர் வேண்டாம், உங்கள் அம்மா கூப்பிட்ட பெயர் என்ன என்று இவள்தான் கேட்டிருக்கிறாள். செட்டி வீட்டார் காதுக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

அந்தச் சிஸ்டரையே பார்த்துவிடலாம் என்று பிரசவ விடுதிக்கு நடந்தேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வராந்தாவில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை ஒரு முக்காலியின் மேல் வைத்திருந்தார். தட்டுத்தடுமாறிய மலாயில் பேசினார். லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்ததாம் அது. சூரியன் வருமுன் வானம் வெளுக்கும் நேரத்துக்கு இத்தாலியில் ‘அல்பா’ என்று பெயர். அவருடைய ஊரில் நெல் விளையும் என்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த நேரத்துக்குத்தான் அவர் தாயார் நாற்று நடக் கிளம்புவாராம். கன்னியாஸ்திரீ ஆனபின் தம்மை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார்.

“உங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். கால்களை முக்காலியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

“அப்படியானால் வேண்டாம். காலையில் வந்து நானே அவளிடம் சொல்கிறேன்.”

வந்த காரியம் முடிந்தது. ஆனால் திரும்பும்போது மனசு நிறையவில்லை.

நான் சொன்னதையெல்லாம் செல்வி கேட்டுக்கொண்டாள். “எனக்குத் தமிழ் தெரியாதா அண்ணே? அம்மா உனக்கு ஏன் குப்புசாமின்னு பேரு வெச்சாங்க?”

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. என்னைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். நான் பிழைத்துக்கொண்டேன்.

“எமன் காதுல அல்பம்னு விழட்டும், வேணாம்னு போயிடுவான். சிஸ்டர் ஊர்ல விடியல்னு விழட்டும். எனக்கு ரெண்டும் வேணும்,” என்றாள்.

மறுநாள் காலை தொட்டில் கட்டினார்கள். தாய்மாமன் காதில் பெயர் சொல்வது எங்கள் வழக்கம் என்றதும் மாமியார் குழந்தையை என்னிடம் நீட்டினார். சிஸ்டர் சொன்னபடி வந்து, சடங்கு நடப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. குனிந்து மூன்று முறை சொன்னேன்.

குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அல்பா” என்று செல்வி வாய்விட்டுக் கூப்பிட்டாள். தெருவைப் பார்த்து நின்ற சிஸ்டர் சட்டென்று திரும்பினார். பிறகுதான் அழைத்தது தம்மை அல்ல என்று புரிந்திருக்க வேண்டும். முகத்தை மறைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அன்றே கிளம்பினேன். பஸ்ஸும் ரயிலும் மாறி, சிரம்பான் சேர்ந்தபோது முதுகு விட்டுப்போயிருந்தது. மலாக்காவில் பார்க்கக் கோட்டையும் கடலும் உண்டு என்பார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. அப்பாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“நல்லா பால் குடிக்குதா?”

“குடிக்குதுப்பா.”

அதற்கு மேல் கேட்காமல் படுத்துவிட்டார். காலையில் நான் எழுந்தபோது சலவை வேட்டி கட்டி, பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“நானும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு வர்றேன்,” என்றார்.