ரேடியோவின் முன் சீட்டு

என் தம்பியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று நினைத்து யாராவது இதைப் படிக்க உட்கார்ந்தால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

அவன் மலையையும் ஏரியையும் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவன். ஒரு நாளைக்கு ஒரே குடும்பம், ஒரே வண்டி. காலை ஆறு மணிக்கு ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயும்போது அதே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். ஓட்டுவதும் அவன்தான், விளக்கம் சொல்வதும் அவன்தான். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. நான் கீழே, பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அவன் வண்டியின் புக்கிங் ஆபீஸில் போனும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஏரிப் படம் போட்ட ஒரு காலண்டர். நான் எழுந்து நின்றால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும்.

மற்ற டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. வண்டி மலையடிவாரப் பாலத்தைத் தாண்டியதும் வாயைத் திறப்பான். இந்தப் பாறை ஏன் கறுப்பாக இருக்கிறது, அந்த மரத்துக்கு என்ன வயது, மத்தியானத்தில் ஏரித் தண்ணீர் ஏன் நிறம் மாறுகிறது, எல்லாம் அந்தந்த வளைவு வந்ததும் தானாக வரும். ஒருமுறை மண் சரிந்து வேறு பாதையில் போகச் சொல்லிவிட்டார்கள். அன்று முழுக்க அவனுக்குப் பேச்சே வரவில்லையாம். வந்திருந்த குடும்பம் என்னிடம் வந்து, "டிரைவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனது.

முன் சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டான். பின்னால் இருப்பவர்களைக் கண்ணாடியில் பார்த்துத்தான் பேசுவான். பக்கத்தில் ஆள் இருந்தால் தலை திரும்பும், தலை திரும்பினால் ஸ்டியரிங்கும் திரும்பும் என்பது அவன் கணக்கு. முன் சீட்டு அவனுடைய வெந்நீர் பிளாஸ்க்குக்குத்தான். அதற்கு பெல்ட் வேறு மாட்டி வைத்திருப்பான்.

இத்தனை பேச்சும் வெளியே. வீட்டு வாசலை மிதித்தால் ரேடியோ ஆஃப். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பான், சாப்பிடுவான், கழுத்தைத் தொட்டுக் காட்டி "தொண்டை கட்டியிருக்கு" என்பான், படுத்துவிடுவான். பெண்டாட்டி ஏதாவது கேட்டால் தலையாட்டுவான். ஊரான் வீட்டுக் குழந்தைக்கெல்லாம் மேகம் எப்படி உண்டாகிறது என்று அரைமணி நேரம் சொல்கிறவனுக்கு, வீட்டில் இருக்கிறவளிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காது! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு தடவை சண்டை போட்டிருக்கிறேன். அதற்கும் தலையாட்டுவான்.

அவள் லாட்ஜ்களுக்குத் தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கிறவள். முன் அறையில் ஜன்னலோரம் மிஷின். ஒரே மகள். அவள் படித்து முடித்து, பெரிய ஊரில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகள் போன பிறகு அந்த வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான்.

போன சீசன் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, தம்பி பெண்டாட்டி என் ஆபீஸுக்கு வந்தாள். நான் எழுந்து வழிவிட்டேன்.

"பொண்ணு கூப்பிடுறா அண்ணி. அங்கேயே வந்து இருந்துடும்மாங்கிறா. ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டா. போறதுக்கு மட்டும்."

"போறதுக்கு மட்டும்னா? திரும்பி?"

அவள் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டே இருந்தாள். "அவர்கிட்ட கேட்டேன். போகட்டுமான்னு."

"என்ன சொன்னான்?"

"தலையாட்டுனார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவனை அங்கேயே இழுத்துவந்து நாலு கேள்வி கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. எனக்கு ஒரு புக்கிங் போடுங்க. வெள்ளிக்கிழமைக்கு. ஒரு நாள் டூர், தனி வண்டி. துணைக்கு நீங்களும் வாங்க. ஊர்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் அப்படி என்னதான் பேசுறாருன்னு நானும் ஒருதரம் கேட்டுட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு இது ஒரேயடியாகப் போகிறவளின் பேச்சு என்று புரிந்துவிட்டது.

நோட்டில் எழுதினேன். ஆட்கள் இரண்டு. ஏற்ற வேண்டிய இடம் என்ற கட்டத்தில் அவன் வீட்டு விலாசத்தையே எழுதினேன். வியாழக்கிழமை புக்கிங் சீட்டை வாங்கிப் பார்த்தவன் முழித்தான்.

"அக்கா, என் வீட்டு அட்ரஸைப் போட்டிருக்க?"

"படிக்கத் தெரியுதுல்ல? போய் ஏத்திக்கோ."

"கிண்டல் பண்றியா?"

"கிண்டலெல்லாம் இல்ல. கஸ்டமர் ஆறு மணிக்கு ரெடியா இருப்பாங்க. லேட் பண்ணாத."

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தான். அவள் இஸ்திரி போட்ட புடவையோடு வந்தாள். அவன் பழக்கதோஷத்தில் பின் கதவைத் திறந்து, "தலையப் பாத்து மேடம்" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் கையில் எலுமிச்சம்பழத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. புக்கிங் போடுகிறவளுக்கு மலை ஆகாது என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

பாலம் வரைக்கும் ஒரு பேச்சில்லை. பாலத்தைத் தாண்டியும் இல்லை. கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, பாலம் வந்தா பேசுவீங்கன்னாங்களே. நான் கஸ்டமர்தானே? எனக்கும் சொல்லுங்க."

தொண்டையைச் செருமினான். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி பாறையைப் பற்றி இரண்டு வரி சொன்னான். அவள் கேள்வி கேட்டாள். பதில் சொன்னான். அடுத்த வளைவில் மரம் வந்தது, நாலு வரி சொன்னான். ஏழாவது, எட்டாவது வளைவு போகப் போகக் குரல் ஏறியது. பன்னிரண்டாவது வளைவில் கை ஒன்றை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். என் தம்பி இவ்வளவு அழகாகப் பேசுவான் என்று எனக்கே தெரியாது. ஒரு குருவி தன் கூட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கும் என்று சொன்னான் பாருங்கள், நான் எலுமிச்சம்பழத்தை முகரவே மறந்துபோனேன். அவள் கண்கொட்டாமல் கண்ணாடியில் தெரிந்த அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, இதில் பத்தில் ஒரு பங்கு வீட்டில் பேசியிருந்தால் என்ன?

பத்தொன்பதாவது வளைவில் ஓரங்கட்டினான். அங்கே பலகையும் இல்லை, கடையும் இல்லை. ஒரு கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். இறங்கி நாலடி நடந்ததும் கீழே முழு ஏரியும் தெரிந்தது. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி ஆரம்பித்தான்.

"இந்த இடம் எந்த மேப்லயும் இருக்காது மேடம். இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, என் சம்சாரம். அப்ப நான் லாரி ஓட்டிட்டிருந்தேன். கல்யாணமான புதுசு. ஒரு ஓட்டை பைக்ல ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வந்தோம். அவளுக்கு வளைவு ஒத்துக்கல, வாந்தி வருது நிறுத்துங்கன்னா. நிறுத்துன இடம் இதுதான். அவ நிறுத்தச் சொல்லலேன்னா நான் இந்த ஏரியைப் பார்த்தே இருக்க மாட்டேன். அடுத்த மாசமே லாரியை விட்டுட்டேன். இந்தப் பொழப்பே அவ குடுத்ததுதான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. அவன் எங்களை மறந்தே போயிருந்தான். நாக்கு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறம் அவ இங்க வரவே இல்ல மேடம். எனக்கு நேரம் அமையல. இதைச் சொல்றப்பெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆயிடும். அடுத்த சீசன்லயாவது கூட்டிட்டு வரணும்."

சொல்லி முடித்துவிட்டு, எப்போதும் செய்வதுபோல், கஸ்டமரின் முகத்தைப் பார்க்கத் திரும்பினான்.

அப்போது அவன் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்? என் தம்பியை எனக்கு அவன் தவழ்ந்த நாளிலிருந்து தெரியும். அப்படி அவன் கூனிக்குறுகி நின்று நான் பார்த்ததில்லை. இருபத்தைந்து வருஷமாக, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேரிடம், அடுத்த சீசன், அடுத்த சீசன் என்று சொல்லியிருக்கிறான். சொல்ல வேண்டியவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் கைப்பிடிச் சுவர் வரைக்கும் நடந்துபோனாள்.

"அது வளைவால வந்த வாந்தி இல்லைங்க" என்றாள். "நான் அப்ப முழுகாம இருந்தேன். அன்னிக்குத்தான் எனக்கே உறுதியா தெரிஞ்சது. உங்ககிட்ட சொல்லணும்னுதான் வண்டிய நிறுத்தச் சொன்னேன். நீங்க ஏரியைப் பார்த்து அடேயப்பா, அடேயப்பான்னு பேச ஆரம்பிச்சீங்க. நிறுத்தவே இல்ல. சரி, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவன் மெதுவாகச் சொன்னான்:

"அப்ப இத்தனை வருஷமா நான் தப்பாவா சொல்லிட்டிருந்தேன்?"

"அடப்பாவி, இப்ப அதுதாண்டா உனக்குக் கவலை!" என்று கத்தினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். தொடவில்லை, ஆனால் நகரவும் இல்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

திரும்பிப் போக வண்டியிடம் வந்தபோது, அவள் முன் கதவைத் திறந்தாள். பிளாஸ்க்கின் பெல்ட்டைக் கழற்றினாள். "இதைக் கொஞ்சம் வச்சுக்குங்க அண்ணி" என்று என் கையில் கொடுத்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஆட்சேபணை சொல்லவில்லை.

இறங்கும் வழிக்கு அவனிடம் பேச்சு கிடையாது. அந்த நேரத்தில் கஸ்டமர்கள் தூங்கிவிடுவார்கள், அதனால் அதற்கென்று அவன் எதுவும் சேர்த்து வைத்ததில்லை. அன்று அவள் பேசினாள். லாட்ஜ் மேனேஜர் ஜன்னலை அளக்காமல் கதவை அளந்து கொடுத்த கதை, மகள் முதல் மாசம் போனில் அழுத கதை, பக்கத்து வீட்டு அம்மா இவள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த கதை. ஒவ்வொன்று முடிந்ததும் அவன், "அப்புறம்?" என்றான். அவன் சொன்னது சரிதான், பக்கத்தில் ஆள் இருந்தால் தலை திரும்பத்தான் செய்கிறது. "டேய், ரோட்டைப் பாருடா!" என்று மூன்று தடவை பின்னாலிருந்து அலற வேண்டியதாயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மனப்பால் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், அவள் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் பெட்டியோடு நிற்கிறாள்.

"ஏம்மா, இன்னும் எதுக்குப் போற?"

"ஒரு நாள் பேசுனதுக்காக மீதி ஆயுசை எப்படி அண்ணி நம்புறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில், ரயில் கிளம்புகிற நேரத்தில், அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவ?" என்று கேட்டான். அவள் எங்கே புறப்பட்டாலும் அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "ரெண்டு வாரம் போகட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் ஓடியது. மேலே போய் வந்த ஒரு தம்பதி என்னிடம், "பத்தொன்பதாவது வளைவுல உங்க டிரைவர் சொன்னதைக் கேட்டு என் மனைவி அழுதுட்டாங்க" என்றார்கள். என்ன சொன்னான் என்று கேட்டேன். மனைவி நல்ல சேதி சொல்வதற்காக இங்கே இறங்கினாளாம், இவன் வாயை மூடாததால் சொல்ல முடியாமல் போனதாம். அதோடு முடித்துக்கொண்டானாம். அடுத்த சீசன் என்கிற வரியைக் காணோம்.

பிறகு ஒரு நாள் புக்கிங் நோட்டைப் புரட்டும்போது திடுக்கென்றது. அடுத்த வாரம் ஏழு நாளுக்கும், கட்டத்துக்குக் கட்டம், அவன் கோணல் கையெழுத்தில் 'வண்டி இல்லை' என்று எழுதியிருந்தது. சீசன் உச்சத்தில்! இருபத்தைந்து வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட ஒரு நாள் லீவு போடாதவன்.

"டேய், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஏழு நாளும் வண்டி இல்லேன்னா நான் கஸ்டமருக்கு என்னடா பதில் சொல்றது?"

தலையாட்டுவான் என்று நினைத்தேன். ஆட்டவில்லை.

"அவ என்னைக்கு வருவான்னு தெரியலக்கா" என்றான். "வந்தா, நான் மலை மேல இருக்கக் கூடாதில்ல."

திங்கள் போனது, செவ்வாய் போனது. வண்டி வாசலிலேயே நின்றது. அவன் தினமும் அதைக் கழுவினான். புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் பதினோரு பேருக்கு வண்டி இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. பன்னிரண்டாவதாக மணி அடித்ததும், போனை எடுக்கும்போதே, "இந்த வாரம் வண்டி இல்லீங்க" என்றேன்.

"ஒரே ஒரு ஆள்தான் அண்ணி" என்றது அந்தப் பக்கம். "நாளைக்கு ஸ்டேஷன்ல ஏத்திக்கணும். முன் சீட்டு கிடைக்குமா?"