லேடீஸ் கவுண்டரும் எக்ஸிட் கதவும்

படார்!

சினிமா கொட்டாயில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த ஆள் எழுந்ததும் மடக்கு நாற்காலியின் பலகை பின்னால் போய் அடிக்கிற சத்தம். மூன்று ராத்திரியாய் இதைக் கேட்கிறேன். சங்கடம் என்னவென்றால், புத்தூரில் எங்கள் தெருமுனையில் இருந்த கொட்டாயை இடித்துப் பதினோரு மாதம் ஆகிறது. அங்கே இப்போது கல்யாண மண்டபத்துக்குத் தோண்டிய பள்ளம்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். வீட்டில் நானும் எட்டு மாதப் பாப்பாவும் மட்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஏன் என்பது பின்னால் வருகிறது. காலி கேஸ் சிலிண்டரை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நகரிக்கு அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்று அவரிடம் சொல்லியாயிற்று. போனால் பாப்பாவுக்கு அப்பா வாரத்துக்கு ஒருநாள்தான்.

பேய் கிடையாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார்தான். ஆனால் அவர் அதைப் பகலில் சொன்னார். அதனால் விளக்கைப் போட்டுக்கொண்டு, லேடீஸ் கவுண்டரில் நாலு வருஷம் டிக்கெட் கிழித்த கதையை எழுதுகிறேன். கைக்குழந்தையோடு தனியாய் விழித்திருக்கிறவர்கள் இருந்தால் கூட உட்காருங்கள்.

வளையல் போட்ட கை

எங்கள் கவுண்டர் என்பது சுவரில் ஒரு கை நுழைகிற ஓட்டை. முகம் தெரியாது. நகக்கண்ணில் நீலச் சாயம் என்றால் நகரித் தறிக்காரர் வீட்டுப் பெண், விரலெல்லாம் பூ நார்ப் பச்சை என்றால் மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள். இப்படிக் கையை வைத்தே ஊரைத் தெரிந்து வைத்திருந்தேன்.

லேடீஸ் க்யூவுக்குத்தான் முதலில் டிக்கெட். அதனால் புதுப்படம் வருகிற வெள்ளிக்கிழமையில் சில ஆம்பளைகள் சுவரோரமாய்க் குனிந்தபடியே வந்து கையை மட்டும் விடுவார்கள். ஒருநாள் வந்த கையில் ஆறு கண்ணாடி வளையல். வளையலுக்கு மேலே கரடி மாதிரி முடி. மணிக்கட்டைப் பிடித்து வெளியே தள்ளினேன். ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கெஞ்சியது: "யக்கா, மெல்ல தள்ளு யக்கா! வளையலு எம்பொண்டாட்டிது, ஒடஞ்சா ஊட்டுக்குள்ள சேக்க மாட்டா!"

ஃபேன் சுத்துதா?

புரட்டாசியில் மஞ்சள் வேட்டிக்காரர்கள் திருமலைக்கு நடந்து போவார்கள். ஒரு மத்தியானம் பத்துப் பன்னிரண்டு பேர், காலெல்லாம் துணிக்கட்டு, மேட்னி டிக்கெட் கேட்டார்கள். அன்றைக்குப் போட்டிருந்தது ஒரு ஓடாத தெலுங்குப் படம். பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்களே, "படம் தெலுங்குங்க, நல்லாவும் இல்லைங்க" என்றேன். பெரியவர் ஒருத்தர் ஓட்டையில் வாயை வைத்து, "எந்த பாஷையா இருந்தா இன்னாம்மா, மேல ஃபேன் சுத்துதா சொல்லு" என்றார்.

இடைவேளைக்கு முன்பே வரிசையாய்க் குறட்டை. மற்றபடி உள்ளே நாலே பேர். ஆபரேட்டர் சவுண்டைப் பாதியாய்க் குறைத்துவிட்டார். (அந்த மனசைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.) படம் முடிந்து எழுப்பியபோது பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "நல்ல படம்மா. மல ஏறி எறங்கி வரும்போது மறுபடியும் பாக்கறோம்."

கதவுக்கு ஒரு ஆள்

பெண்கள் பக்கத்து எக்ஸிட் கதவுக்குக் கன்னியம்மா அக்காதான் காவல். டிக்கெட் இல்லாமல் யாரும் நுழையாதபடி உள்ளே தாழ் போட்டிருக்கும். ஆனால் தாழ் போட்ட கதவுப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அது கொட்டாய் சட்டம். அக்கா கடைசி நாற்காலியில் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். என் இங்கிலீஷைக் கேட்டு எனக்கு 'டீச்சரம்மா' என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கரண்ட் பெட்டியில் புகை. "ஐயோ" என்று நாங்கள் கத்தி முடிப்பதற்குள் அக்கா கதவைத் திறந்து, பிள்ளைகளை முதலில் தள்ளி, அத்தனை பெண்களையும் தெருவில் நிறுத்திவிட்டாள். ஒருத்தருக்கும் கீறல் இல்லை. புகை அடங்கியதும், "இத்தனை வருஷத்துல ஒரு படமாவது திரும்பிப் பாத்திருக்கியாக்கா?" என்று கேட்டேன். இருமிக்கொண்டே சொன்னாள்: "நான் படத்த பாத்தா கதவ யாரு பாக்கறது, டீச்சரம்மா?"

ஆளுக்கு ஒண்ணு

கொட்டாய்க்கு முதலில் கீற்று, அப்புறம் தகரம், அப்புறம் 'விரைவில் ஏசி' என்று ஒரு போர்டு. ஏசி வருவதற்குள் புல்டோசர் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அக்கா தன் நாற்காலியை எடுத்துப் போய் வெல்டிங் பட்டறையில் புதுக்கால் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அந்த எக்ஸிட் கதவையே கேட்டு வாங்கினார். நல்ல தேக்கு, எங்கள் வாசலில் அப்போது தகரக் கதவு.

கொட்டாய்க் கதவு வெளிப்பக்கம் திறக்கும், வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்கும். ஆசாரி அதைத் திருப்பி மாட்டினார். மாட்டி முடித்து எல்லோரும் கைதட்டின பிறகுதான் பார்த்தோம், தாழ்ப்பாள் தெருப்பக்கம் போயிருந்தது. இவர் வீட்டில் படுத்திருந்தவரை அது பெரிசாகத் தெரியவில்லை. போன வாரம் நைட் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் ஆசாரிக்குப் போன் மேல் போன். அவர் பத்து மாதமாய்ச் சொல்வதையே சொன்னார்: "நாலு ஸ்க்ரூ வேலைக்கு இன்னா அவசரம் சார்? நாளைக்கு வரேன்."

படார்

மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அந்தச் சத்தம். இந்தத் தடவை கதவுக்கு நேர் அந்தப் பக்கம். பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டேன். பின்னாலேயே ஒரு இருமல். நாலு வருஷம் கேட்ட இருமல்.

"அக்கா?"

"கத்தாத டீச்சரம்மா, கொழந்த எழுந்துக்கப் போவுது."

சிலிண்டரை நகர்த்திக் கதவைத் திறந்தேன். வாசலில் அவள் நாற்காலி, தெருவுக்கு முகத்தையும் என் கதவுக்கு முதுகையும் காட்டிக்கொண்டு. ராத்திரி தூக்கிக்கொண்டு வந்து, பால்காரர் வருவதற்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். "மூணு நாளா உயிரே போச்சுக்கா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அழுதுவிட்டேன்.

"சொன்னா வேணாம்னுவ" என்றாள். யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்பது என் பயம். அவள் பயம் வேறு. "தாழ்ப்பா தெருவுல கீது. எவனாவது போட்டுட்டுப் போய்க்கினே இருந்தான்னா நீயும் கொழந்தையும் எப்டி வெளிய வருவீங்க? ஆளு உள்ள இருக்கும்போது எக்ஸிட்டாண்ட ஒருத்தர் வேணாமா?"

இவருடைய பழைய ஆபரேட்டர் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. நான் டார்ச் பிடிக்க, அவள் தாழ்ப்பாளையும் வளையத்தையும் கழற்றி உள்பக்கம் வைத்து முறுக்கினாள். ஆசாரியின் பத்து மாத வேலை, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை நகரி பஸ் ஏற வேண்டியதும் இல்லை.

"சரி, உள்ள போட்டுக்கோ. நான் வெளிய கீறேன்" என்று அக்கா நாற்காலிக்குப் போனாள். நான் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டேன்.

நாலு வருஷம் அந்த ஓட்டை வழியாய் 'ஹவுஸ்ஃபுல், இடமில்லை' என்று கைகளைத் திருப்பி அனுப்பிய நான், ஒரே அறை இருக்கிற வீட்டில் ஒருத்திக்கு நாற்காலியோடு இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து தாழ் போட்டேன்.